கதவு தட்டாமல் ஒரு ஹாலோவீன்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்டோபர் பிறந்ததும் பள்ளியிலிருந்து ஒரு தாள் வரும். ஹாலோவீன் நாளான 31-ஆம் தேதி என்ன வேடம் போட்டு வரலாம், எது கூடாது என்று அதில் இருக்கும். அன்று மாலையே பிள்ளை, "நாமும் ட்ரிக் ஆர் ட்ரீட் போவோமா?" என்று கேட்டுவிடும். வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவதுதான் அது. அமெரிக்காவுக்கு வந்து சில மாதங்களே ஆன அப்பா அம்மாவுக்குத் தயக்கம் இங்கேதான் தொடங்குகிறது. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவை இருட்டில் தட்டுவதா? அவர்கள் தரும் மிட்டாயைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? அப்பார்ட்மெண்டில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நடைபாதை முழுக்கத் தட்டினாலும் பல கதவுகள் திறக்காது.

கதவு தட்டித்தான் ஹாலோவீன் கொண்டாட வேண்டும் என்பதில்லை. ஊர் கூடி ஓர் இடத்தில் நடத்தும் ஏற்பாடுகள் இங்கே நிறைய இருக்கின்றன, அவற்றில் சிலவற்றுக்கு வயதும் அதிகம். மின்னசோட்டா மாநிலத்தின் அனோக்கா என்ற சிற்றூரில், ஹாலோவீன் இரவில் இளவட்டங்கள் செய்த அட்டகாசம் தாங்காமல், 1920-லேயே ஊர்க்காரர்கள் சேர்ந்து ஊர்வலமும் தின்பண்டமுமாக ஒரு விழா எடுத்தார்கள். இன்றும் அந்த ஊர் தன்னை உலகின் ஹாலோவீன் தலைநகர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. ஆகவே பொது இடத்தில் கொண்டாடினால் பிள்ளைக்கு ஏதோ குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்

புதிதாக வந்தவர்கள் காதில் முதலில் விழுவது விஷ மிட்டாய்க் கதைதான். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுச் செய்திகளைத் துருவிப் பார்த்தவர். முகம் தெரியாத ஒருவர் வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட சம்பவம் ஒன்றைக்கூட அவர் கண்டுபிடிக்கவில்லை. விஷ மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்ததாக எல்லோரும் நினைவுகூரும் 1974-ஆம் ஆண்டு டெக்ஸஸ் வழக்கில் விஷம் வைத்தது அந்தச் சிறுவனின் சொந்தத் தகப்பன், அதுவும் காப்பீட்டுப் பணத்துக்காக.

நிஜமான ஆபத்து சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரை 42 ஆண்டுகளின் விபத்துப் பதிவுகளை வைத்து ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஹாலோவீன் மாலையையும் அதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் வரும் மாலைகளையும் ஒப்பிட்டார்கள். நடந்து செல்பவர்கள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் ஹாலோவீன் அன்று 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கோ சுமார் பத்து மடங்கு. அதிலும் ஆறு மணி வாக்கில்தான் மோசம். வேலை முடிந்து வீடு திரும்பும் கார்களும், கறுப்பு உடையில் சாலையைக் கடக்கும் பிள்ளைகளும் சந்திக்கும் நேரம் அது.

இதைத் தெரிந்துகொண்டால், எந்த நிகழ்ச்சிக்குப் போகலாம் என்று முடிவு செய்வது எளிது. பிள்ளைகள் நடக்கும் இடத்தில் கார் ஓடுமா, ஓடாதா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அலங்காரம், இலவச டிக்கெட், மிட்டாயின் அளவு எல்லாம் அப்புறம்.

செப்டம்பர் கடைசியிலேயே தேடத் தொடங்குங்கள்

உங்கள் ஊர் நிர்வாகத்தில் பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் என்று ஒரு துறை இருக்கும். அதன் இணையதளத்தில் அக்டோபர் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். அடுத்து ஊர் நூலகம். என் கருத்தில், முதல் ஹாலோவீனுக்கு நூலகத்தைவிட நல்ல இடம் கிடையாது. வேடத்தோடு கதை கேட்கும் நேரம், நூலகத்துக்குள்ளேயே சின்ன ஊர்வலம், மேசைக்கு மேசை ஏதாவது ஒரு சிறு பரிசு என்று பல நூலகங்கள் நடத்துகின்றன. பெரும்பாலும் இலவசம், உள்ளே வெளிச்சமும் கதகதப்பும் இருக்கும், குழந்தைக்குப் பிடிக்காவிட்டால் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடலாம்.

பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ., உள்ளூர்த் தீயணைப்பு நிலையம், உயிரியல் பூங்கா, ஷாப்பிங் மால் ஆகியவையும் நடத்துவதுண்டு. பல ஊர்களில் கடைவீதிக்காரர்கள் சேர்ந்து, ஒரு பிற்பகல் முழுக்கத் தெருவை மூடிவிட்டு, கடைக்குக் கடை மிட்டாய் தருவார்கள். தெருவை உண்மையிலேயே மூடுகிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். சில முதியோர் இல்லங்களும் பிள்ளைகளை அழைக்கின்றன. வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் மிட்டாய்க் கிண்ணத்தோடு காத்திருக்கும் தாத்தா பாட்டிகளை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். சொந்தத் தாத்தா பாட்டி கடல் தாண்டி இருக்கும் வீடுகளுக்கு இதை அழுத்தியே சொல்வேன்.

இவற்றில் மிகப் பரவலானது டிரங்க் ஆர் ட்ரீட். ஒரு பார்க்கிங் லாட்டில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து, பிள்ளைகள் டிக்கி டிக்கியாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். இது பெரிதும் தேவாலயங்கள் வழியாகப் பரவியது, இன்றும் பலவற்றை நடத்துவது அவைதான். உறுப்பினர் அல்லாதவர் வரலாமா என்று தயங்க வேண்டாம். எல்லோரையும் அழைத்துப் பலகை வைத்திருந்தால் மனதார அழைக்கிறார்கள் என்றே அர்த்தம். சில இடங்களில் ஒரு ஜெபமோ, மிட்டாயோடு ஒரு துண்டுப் பிரசுரமோ இருக்கும். அது உங்களுக்குச் சரிப்படுமா என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியைக் கவனியுங்கள். இந்த நிகழ்ச்சிகளில் பல 31-ஆம் தேதி நடப்பதில்லை. அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் நடந்து முடிந்துவிடும். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தபோது நம்மவர்கள் பலருக்கு அது வசதியாகவே இருந்தது. முந்தைய வாரமே ஹாலோவீனை முடித்துவிட்டு, 31 அன்று தீபாவளியை நிம்மதியாகக் கொண்டாட முடிந்தது.

போகுமுன் ஒரு மின்னஞ்சலோ தொலைபேசி அழைப்போ போதும். நிகழ்ச்சி நேரத்தில் கார் உள்ளே வர, வெளியே போக அனுமதி உண்டா? எந்த வயதுப் பிள்ளைகளுக்கு? முன்பதிவு தேவையா? நாமும் மிட்டாய்ப் பை கொண்டுவர வேண்டுமா? மழை வந்தால் எங்கே? பள்ளி நிகழ்ச்சிகளில் நான்காவது கேள்வி முக்கியம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பை மிட்டாய் தருவது சில பள்ளிகளில் எழுதாத வழக்கம்.

பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் நீங்களே நடத்துங்கள்

புதிதாக வந்தவர்கள் விருந்தாளியாகவே இருந்துவிட வேண்டியதில்லை. அப்பார்ட்மெண்ட் வளாகத்தில் டிரங்க் ஆர் ட்ரீட் நடத்த பத்துப் பன்னிரண்டு கார்களும், வேலை செய்ய மனமுள்ள நாலைந்து பேரும் போதும். வாட்ஸ்அப் குழுவில் தமிழ்க் குடும்பங்களிடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். தபால் பெட்டி அருகிலும் துணி துவைக்கும் அறையிலும் ஒரு அழைப்பிதழை ஒட்டுங்கள். மாதக்கணக்கில் லிஃப்டில் தலையாட்டிவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியவருவது இப்படித்தான்.

முதலில் லீசிங் ஆபீஸ், அதாவது வளாகத்தின் வாடகை நிர்வாக அலுவலகம். ஐந்தாறு வாரம் முன்பே தேதி, நேரம், எந்தப் பகுதி என்று எழுத்தில் கேளுங்கள், அனுமதியையும் எழுத்திலேயே வாங்குங்கள். காப்பீடு பற்றிக் கேட்பார்கள். சில நிர்வாகங்கள் ஒரு நாள் நிகழ்ச்சிக் காப்பீடு எடுக்கச் சொல்லும், சிலவற்றில் நிர்வாகமே நிகழ்ச்சியைத் தன் பெயரில் நடத்திக்கொள்ளும். இரண்டாவது வழிதான் நமக்கு எளிது, அதையே முதலில் கேட்டுப் பாருங்கள். தனி வீடுகள் உள்ள தெருவானால், பல ஊர்களில் பிளாக் பார்ட்டி அனுமதி வாங்கித் தெருவையே சில மணி நேரம் மூடலாம். தெருவில் உள்ளவர்களின் கையெழுத்தும் ஊர் அலுவலகத்தில் விண்ணப்பமும் தேவைப்படும்.

நேரத்தைச் சூரியனை வைத்து முடிவு செய்யுங்கள். இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவது நவம்பர் முதல் ஞாயிறு. அதனால் ஹாலோவீன் எப்போதும் அந்த மாற்றத்துக்கு முன்பே வந்துவிடும். அப்படியும் அக்டோபர் கடைசியில் நியூ ஜெர்சியிலும் சியாட்டிலிலும் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. டாலஸில் ஆறரை தாண்டும். சனிக்கிழமை நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்தால் நாட்டின் பெரும்பாலான இடங்களில் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் அதற்குள் களைத்துவிடுவார்கள், மிட்டாயும் தீர்ந்துவிடும்.

இனி லாட்டின் அமைப்பு. இதில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

உள்ளே வர, வெளியே போக ஒரே ஒரு வழி மட்டும் உள்ள, மற்ற குடியிருப்பாளர்களின் கார்கள் கடந்து போகத் தேவையில்லாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். தீயணைப்பு வண்டி வரும் பாதையை மறைக்கவே கூடாது. அலங்கரிக்கும் கார்கள் எல்லாம் நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே வந்து, டிக்கி நடுப்பக்கம் பார்க்கும்படி நின்றுவிட வேண்டும். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே ஓர் இடம் காலியாக விடுங்கள். அலங்காரத்துக்கும் இடம் கிடைக்கும், கூட்டமும் நெரியாது. எல்லாக் கார்களும் நின்றதும் நுழைவாயிலைக் கூம்புகளாலோ, குறுக்கே நிறுத்திய ஒரு காராலோ மூடுங்கள். பளபளக்கும் மஞ்சள் மேலங்கி அணிந்த இரண்டு பெரியவர்கள் அங்கேயே நிற்கட்டும். நிகழ்ச்சி முடியும்வரை அவர்களுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு எந்தக் காரும் நகரக்கூடாது. இதில் தாட்சண்யம் வேண்டாம். அவசரமாகக் கிளம்பக்கூடியவர், கைக்குழந்தை உள்ளவர், இரவுப் பணிக்குப் போகிறவர் எல்லோரும் காரை வெளியே நிறுத்திவிட்டு ஒரு மடக்கு மேசையோடு வரட்டும். காருக்குப் பதில் மேசை இருந்தால் பிள்ளைகள் ஒன்றும் குறை சொல்வதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும், பிள்ளைகள் அனைவரும் லாட்டை விட்டு வெளியேறினார்களா என்று ஒருவர் சுற்றிப் பார்த்துச் சொன்ன பிறகே முதல் கார் கிளம்ப வேண்டும்.

விளக்குக்காகவோ ஹீட்டருக்காகவோ இன்ஜினை ஓடவிட வேண்டாம். குழந்தையின் மூக்கு இருக்கும் உயரத்தில்தான் புகைக்குழாய் இருக்கிறது. பேட்டரியில் எரியும் எல்.இ.டி. சரங்கள் போதும், பூசணிக்குள்ளும் மெழுகுவர்த்திக்குப் பதில் அதையே வையுங்கள். டிக்கி ஒன்றரை மணி நேரம் திறந்தே இருந்தால் சில கார்களில் உள்விளக்கு எரிந்து பேட்டரி இறங்கிவிடும். அந்த விளக்கை அணைத்து வைக்கச் சொல்லுங்கள், யாரிடமாவது ஒரு ஜம்பர் கேபிளும் இருக்கட்டும்.

பிள்ளைகள் ஒரே திசையில் நடக்கட்டும். தரையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிட்டால் யாரும் கத்தத் தேவையில்லை. முதல் இருபது நிமிடத்தைப் பாட்டு, சத்தம், பயமுறுத்தும் முகமூடி எதுவும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும், தவழ்ந்து எழுந்து நடக்கப் பழகும் குழந்தைகளும் அப்போது நிம்மதியாக வந்துபோவார்கள். படிக்கட்டு ஏறத் தேவையில்லாத சமதளம் என்பதால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வீடு வீடாகப் போவதைவிட இதுவே சௌகரியம். கொடுப்பவர்களிடம் ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள்: பிள்ளை "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று சொல்லாவிட்டாலும் கொடுங்கள். இங்கு வந்த புதிதில் வாயே திறக்காத பிள்ளைகள் உண்டு, பேச வராத பிள்ளைகளும் உண்டு.

பதின்வயதினரை விட்டுவிடாதீர்கள். அவர்கள் மிட்டாய் வாங்க வந்தால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சில ஊர்களில் வயது வரம்பே உண்டு. வளையம் எறிதல், பூசணி மேல் ஸ்டிக்கர் ஒட்டுதல் போன்ற விளையாட்டுகளை நடத்தும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு

வந்த முதல் ஆண்டில் பலரிடம் கார் இருக்காது. டிரங்க் ஆர் ட்ரீட் மேல் எனக்கிருக்கும் ஒரே மனக்குறை அதுதான். மேசைகளைச் சேர்த்துக்கொண்டால் பாதி தீரும். அதைவிட நல்லது, வளாகத்துக்கு உள்ளேயே ஒரு கதவுப் பட்டியல். பிள்ளைகளை வரவேற்க விரும்புகிறவர்கள் லாபியில் ஒட்டிய தாளில் தங்கள் வீட்டு எண்ணை எழுதுகிறார்கள், அன்று மாலை கதவில் ஒரு பூசணிப் படம் ஒட்டுகிறார்கள். பிள்ளைகள் அந்தக் கதவுகளுக்கு மட்டும் போகிறார்கள். சாலையைக் கடக்கும் வேலையே இல்லை. குளிரோ மழையோ பாதிக்காது. நவராத்திரிக்குத் தெரிந்த வீடுகளுக்குக் கொலு பார்க்கப் போய்ச் சுண்டல் வாங்கி வருவது மாதிரிதான், நம் பிள்ளைகளுக்கு அது புதிதே அல்ல. வளாகத்தின் பொதுக்கூடமான கிளப் ஹவுஸ் இருந்தால் அங்கே வேட ஊர்வலத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

மிட்டாய்க் கணக்கும், சைவக் கணக்கும்

மிட்டாய் போதாமல் போவதுதான் அடிக்கடி நடக்கும் குளறுபடி. கணக்கு எளிது: ஒவ்வொரு காரிலும், வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை அளவுக்கு மிட்டாய் வேண்டும். 60 பிள்ளைகள், 12 கார்கள் என்றால் மொத்தம் 720. தலைக்கு 12 மிட்டாய், அது தாராளம். எல்லோரும் பணம் போட்டு மொத்தமாக காஸ்ட்கோவில் வாங்கிப் பிரித்துக்கொண்டால், ஒரு காரில் சாக்லெட்டும் அடுத்த காரில் வெறும் லாலிபாப்பும் என்ற ஏற்றத்தாழ்வு வராது. உறை பிரிக்காத கடை மிட்டாய் மட்டுமே கொடுங்கள். வீட்டில் செய்த முறுக்கும் மைசூர்பாகும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தெரியாதவர் வீட்டுப் பலகாரத்தை இங்கே பலரும் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்வோம்.

ஒவ்வாமை பற்றி இங்கே மிகக் கவனமாக இருக்கிறார்கள், நாமும் இருக்க வேண்டும். வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணியைக் கண்டால், அங்கே உணவல்லாத பரிசும் கிடைக்கும் என்று பொருள். டென்னசி மாநிலத்தில் ஓர் ஒவ்வாமை ஆதரவுக் குழு தொடங்கி, ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு 2014-இல் நாடு முழுக்கக் கொண்டுபோன வழக்கம் அது. உங்கள் நிகழ்ச்சியிலும் ஒரு மேசைக்கு அந்த நிறத் துணியை விரித்து பென்சில், ஸ்டிக்கர், சோப்புக் குமிழி, சின்னப் பந்து வையுங்கள். வேர்க்கடலை உள்ளவற்றைத் தனிக் காரில் வைத்து, எழுதி ஒட்டுங்கள்.

நம் வீடுகளுக்கு உரிய கவலை இன்னொன்று. மார்ஷ்மெல்லோ, கம்மி பேர், ஸ்டார்பர்ஸ்ட், கேண்டி கார்ன் ஆகியவற்றில் பொதுவாக ஜெலட்டின் உண்டு. மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது அது. சைவக் குடும்பங்களுக்கும் ஹலால் பார்க்கும் குடும்பங்களுக்கும் ஆகாது. ஸ்கிட்டில்ஸிலும் சவர் பேட்ச் கிட்ஸிலும் ஜெலட்டின் இல்லை. ஸ்னிக்கர்ஸிலும் த்ரீ மஸ்கிடியர்ஸிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதால் முட்டை சாப்பிடாதவர்கள் தவிர்க்க வேண்டும். குட்டி மிட்டாய்களின் உறையில் பெரும்பாலும் பொருட்பட்டியல் இருக்காது, பெரிய பையில்தான் இருக்கும். நீங்கள் கொடுப்பவரானால் அந்தப் பையைத் தூக்கி எறியாமல் காரிலேயே வைத்திருங்கள். கேட்கும் பெற்றோருக்குக் காட்டலாம்.

நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கெட்டி மிட்டாய், பாப்கார்ன், முழுப் பருப்புகள் வேண்டாம். தொண்டையில் சிக்கும்.

வேடம்

தரையில் புரளாத நீளம், கண்ணை மறைக்கும் முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம், உள்ளே ஒரு ஸ்வெட்டர் போடும் அளவுக்குத் தளர்வு. மூன்றும் இருந்தால் போதும். புதிதாக வாங்க வேண்டிய அவசியமும் இல்லை, பள்ளிகளும் நூலகங்களும் நடத்தும் வேட உடைப் பரிமாற்றங்களில் இலவசமாகவே கிடைக்கும். இருட்டும் நேரத்தில் வெளியே இருப்பீர்களானால் முதுகிலும் மிட்டாய்ப் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டையை ஒட்டுங்கள். ஒளிரும் குச்சிகளைக் குழந்தை கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையும், அப்புறமும்

பிள்ளைகளை வீட்டிலேயே சாப்பிட வைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள். மற்றவர் பிள்ளைகளைப் படம் எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள், குழுவில் போடுவதற்கு இன்னொரு முறை கேளுங்கள். வீடு வந்ததும் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, உறை கிழிந்ததையும் வயதுக்கு ஒவ்வாததையும் எடுத்துவிடுங்கள். மிச்சத்தில் எத்தனை வைத்துக்கொள்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். மற்றவற்றைக் கொடுத்துவிடலாம். சில பல் மருத்துவர்கள் மிட்டாயை வாங்கிக்கொண்டு சிறு பரிசு தருகிறார்கள். ஆபரேஷன் கிராட்டிட்யூட் போன்ற அமைப்புகள் அதைப் படைவீரர்களுக்கு அனுப்புகின்றன.

முன்பே அறிமுகமான வீடுகள் இருந்தால், பொது நிகழ்ச்சியை முடித்துவிட்டு அந்த நான்கைந்து வீடுகளுக்கும் போய் வாருங்கள். பிள்ளைகள் எல்லாம் பார்க்கிங் லாட்டுக்குப் போய்விட்டதால், வாசல் விளக்கைப் போட்டுவிட்டு யாரும் வராமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் இப்போது பல தெருக்களில் இருக்கிறார்கள். வாசல் விளக்கு அணைந்திருந்தால் மட்டும் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், அவர்கள் கலந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

நடத்தியவர்கள் அன்றிரவே லாட்டைச் சுத்தம் செய்து, ஒரு படம் எடுத்து லீசிங் ஆபீஸுக்கு நன்றியோடு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அனுமதி வாங்க அது உதவும். நவம்பர் முதல் தேதியே கடைகளில் அலங்காரப் பொருட்களின் விலை பெரிதும் இறங்கிவிடும். விளக்குச் சரங்கள், கூம்புகள், மேசைத்துணி எல்லாம் அப்போது வாங்கி, கிளப் ஹவுஸ் அலமாரியில் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டி மேல் யாரிடம் சாவி இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.